நிதானம் அவசரப்பட்ட நாள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பெயர் இருக்கிறது; அது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவர் ‘நிதானம்’. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யமாட்டார். அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகு நான் பாத்திரம் கழுவி, துணி மடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பாதித் தட்டில்தான் இருப்பார். இருபது வருடத்தில் எனக்கு எரிச்சல் வந்து, போய், மறுபடியும் வந்துவிட்டது.

அவருடைய வண்டி பழுதுபார்க்கும் பட்டறையிலும் அப்படித்தான். பிரேக் வேலை என்றால் முதலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிரிப்பார். அதை முடித்து மூடும்வரை மறுபக்கத்தைத் தொடமாட்டார். எந்த ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால், கலைக்காமல் இருக்கும் மறுபக்கத்தைப் பார்த்து மாட்டிக்கொள்ளலாமாம். பதறாத காரியம் சிதறாது என்பார். காத்திருக்கும் டிரைவர்களின் மூஞ்சியை அவர் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன்.

என் தம்பி அவருக்கு நேர் எதிர். ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிறவன். கால் தரையில் பாவாது, மறதியும் அதிகம். ஒருமுறை பெண்டாட்டியை பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். அந்தக் கதையைச் சொல்லியே குடும்பம் பல வருடம் சிரித்தது.

போன மாதம் ஒரு சரிவான தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு பீரோ இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். வண்டி தானாக உருண்டு, நாற்பது அடி இறங்கி, ஒரு சுற்றுச்சுவரில் போய் முட்டியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் அப்போதுதான் அந்த இடத்தைத் தாண்டியிருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சுவரிலிருந்து வண்டியை விலக்குவதற்காக யார்யாரோ உள்ளே ஏறி எதையெதையோ இழுத்ததில், ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததா இல்லையா என்று பிறகு பார்க்க வழியில்லாமல் போயிற்று. போட்டேன் என்று தம்பி சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பஸ் நிறுத்தத்துக் கதையை இந்த முறை யாரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, மறந்துதான் இருப்பேன் அக்கா என்றான்.

அதோடு சாவியைத் தொடவில்லை. வண்டியை விற்றுவிட்டு ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போகிறேன் என்றான். ஐந்து நிமிடம் ஒரு நாற்காலியில் உட்காரத் தெரியாதவன் அவன். வாங்குவதற்கு ஒரு காய்கறி மொத்த வியாபாரி முன்வந்தார். அவருடைய மூன்று வண்டிகளும் என் வீட்டுக்காரர் கையில்தான் ஓடுகின்றன. விற்கிற வண்டியைச் சரியாகக் கொடுக்கவேண்டும் என்று இவர் புது பிரேக் ஷூ வாங்கி வைத்து, காலையிலேயே போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வியாபாரி பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு.

அந்த வண்டியில் கால் பிரேக் வேறு, ஹேண்ட் பிரேக் வேறு. கால் பிரேக், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை வெளியிலிருந்து பிடிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கு, டிஸ்க்கின் வயிற்றுக்குள் பிறை மாதிரி வளைந்த இரண்டு சின்ன ஷூக்கள் இருக்கும். கால் பிரேக் உடும்புப் பிடியாகப் பிடித்ததால், உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

நான் டீ கொண்டுபோனபோது ஒரு பக்கம் திறந்திருந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருந்து உரசிப் பிடிக்கவேண்டிய லைனிங் முழுசாகப் பெயர்ந்து, துண்டு துண்டாகக் கீழே கிடந்தது. வெறும் இரும்பு பளபளத்தது. அவர் எழுந்து மறுபக்கம் போனார். இந்தப் பக்கத்தை அப்படியே போட்டுவிட்டு அதையும் கழற்றினார். என் கண்ணால் அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை. அங்கேயும் அதே கதிதான்.

மெதுவாகச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் தம்பி வந்து, ஹேண்ட் பிரேக் நெம்புகோல் ரொம்ப மேலே வருகிறது என்றானாம். சக்கரத்தைக் கழற்றி ஷூவைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, ஷூவை இழுக்கிற கேபிளைக் கடைசியாக இறுக்குவதுதான் முறை. அன்றைக்கு என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிட வேலை. கைக்கு நெம்புகோல் இறுக்கமாகத்தான் தெரிந்திருக்கும். பட்டறை வாசலில் பையோடு நின்று நேரமாச்சு, நேரமாச்சு என்று கத்தியவள் நான்.

“அப்போ அவன் சத்தியம் பண்ணினது நிஜம்தான், பிரேக் போட்டும் நிக்கல” என்றேன்.

தலையாட்டினார்.

ஒளிப்பானேன், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தம்பி இல்லை, பட்டறையின் நல்ல பெயர். வியாபாரி வந்து போகட்டும், தம்பியிடம் அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவர் குனிந்து வேலையைப் பார்த்தார்.

முதலில் கேபிளைத் தளர்த்தினார். புது ஷூக்களை உட்காரவைத்து, ஸ்பிரிங்குகளை மாட்டி, டிஸ்க்கை மூடினார். அதிலிருக்கும் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளேயிருக்கும் பல் சக்கரத்தை டிக் டிக்கென்று நகர்த்தினார். டிஸ்க் சுற்றாமல் நின்றதும், லேசாக உரசிக்கொண்டு சுற்றும்வரை பின்னால் நகர்த்தினார். மறுபக்கமும் அதேபோல. கேபிளுக்குக் கடைசியில்தான் வந்தார். நான் ஆறிப்போன டீயோடு நின்றிருந்தேன். சொன்ன வார்த்தை என்னையே குத்திக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு வியாபாரியும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். இவர் வியாபாரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பழைய ஷூவைத் தம்பியின் கையில் வைத்தார்.

“மாப்ள, நீ பிரேக் போட்டிருந்த. பிடிக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் திறந்து பார்க்காம கேபிளை மட்டும் இறுக்கி அனுப்பிட்டேன். தப்பு என்னோடது.”

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நான் போட்டிருந்தேனா?”

“போட்டிருந்த.”

“ஒரு மாசமா என் பெண்டாட்டி எங்க புள்ளைய என் கையில தனியா விடமாட்டேங்கறா, மாமா.”

அழுகையெல்லாம் இல்லை. வண்டியில் என்ன கோளாறு என்று சொல்கிற குரலில்தான் சொன்னான். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னுடைய மூன்று வண்டிகளையும் ஒருதரம் திறந்து பார்த்துவிடச் சொன்னார். இந்த வண்டியை வாங்குவது பற்றிப் பேச்சே எடுக்காமல் கிளம்பிப் போனார்.

என் வீட்டுக்காரர் கையைக்கூடக் கழுவவில்லை. “வா, அவகிட்ட நானே வந்து சொல்றேன்” என்று சாவியை நீட்டினார். தம்பி வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்று தெரு தள்ளித்தான் தம்பியின் வீடு. நடந்தே போயிருக்கலாம். தம்பி ஓட்டிக்கொண்டு போனான்.