நாலு விரல் உயரம்

மட்டக்களப்பில் பாரம் தூக்க வேண்டி வந்தவர்கள் ஒருகாலத்தில் டச்பாருக்குத்தான் போவார்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் அந்த மணல் நிலத்தில், சவுக்கு மரங்களுக்குப் பின்னால் றூபெர்ட் பாஸின் வீடு இருந்தது. ஆள் ஒல்லி. காற்றடித்தால் சேர்ட் மட்டும் தனியாகப் பறக்கும். இந்த மனுசன்தானா நெல் ஆலை இயந்திரத்தைத் தூக்கப்போகிறது என்று முதல்தரம் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவரிடம் இருந்தது கையால் சங்கிலி இழுத்து இரண்டு தொன் தூக்கும் செயின் புளொக் ஒன்று, மூன்று இரும்புக் குழாய்களைத் தலையில் சேர்த்துப் பூட்டிய முக்காலி ஒன்று, நாலைந்து துண்டுக் கம்பி வடம், ஒரு பெட்டி நிறையக் கொளுக்கிகள். அதை வைத்துக்கொண்டு வடிகானுக்குள் விழுந்த லொறியையும், கிணற்றுக்குள் இறங்கிய தண்ணீர்ப் பம்பியையும், தேவாலய மணியையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பாரமானாலும் முதலில் நாலு விரல் உயரம் தூக்குவார். பிறகு சங்கிலியை விட்டுவிட்டு, பாரத்தை ஒருதரம் முழுதாகச் சுற்றி வருவார். குனிந்து பார்ப்பார், வடத்தைத் தட்டிப் பார்ப்பார், நாலு பக்கமும் பார்த்து முடித்தால்தான் அடுத்த இழுவை. அவசரப்படுத்துகிறவர்களுக்கு இடது கையைக் காட்டுவார். அதில் சின்னவிரல் இல்லை. இளவயதில் ஒருநாள் சுற்றிப் பார்க்காமல் இழுத்ததற்குக் கொடுத்த விலை அது.

பழுகாமத்தில் அருமைநாயகத்தின் ட்ரக்டர் இயந்திரத்தை இறக்கப் போனபோது, அந்தக் குறும்புக்கார மனுசன், "பாஸ் வலம் வாறார், ஆராவது கற்பூரம் கொண்டாங்க" என்று சொல்லி வேலியோரம் நின்ற சனத்தையெல்லாம் சிரிக்க வைத்தார். பாஸ் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சுற்றி முடித்துவிட்டுத்தான் சங்கிலியைத் தொட்டார்.

வீட்டிலும் இந்தக் கேலி ஓயவில்லை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் வெட்டும்போது மனைவி ஒலிவ் கத்தியை நீட்டிக்கொண்டு, "முதல்ல சுத்திப் பாருங்க, றூபெர்ட். பிறகு வெட்டுங்க" என்றாள். அவரும் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் லொறெய்ன் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினாள்.

அடுத்த நாள் காலையில் கடல் வந்தது.

லொறெய்ன் ஞாயிறு பூசைக்கு, வாவிக்கு உள்ளே இருக்கும் புளியந்தீவுக்குப் போயிருந்தாள். அவளுக்கு அது உயிர்ப்பிச்சை. றூபெர்ட்டைத் தண்ணீர் வாவிப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய் ஒரு தென்னையில் மாட்டிவிட்டது. வடிந்தபிறகு அவர் உடம்பெல்லாம் கீறலோடு திரும்பி வந்தார். வீடு இருந்த இடத்தில் கல்லும் தகரமும்தான் கிடந்தன. வாசலுக்கு மேலே இருந்த கொங்கிறீட் பீம் சரிந்து கிடந்தது. அதன் கீழே இடுப்புவரை அகப்பட்டு ஒலிவ் கிடந்தாள். உயிரோடு இருந்தாள். பேசினாள்.

சாமான் வைக்கும் கொட்டில் போய்விட்டது, ஆனால் செயின் புளொக் வைத்த தகரப்பெட்டி மணலில் புதைந்து அங்கேயே கிடந்தது. முக்காலியும் சவுக்கு மரத்தோடு கட்டியபடியே இருந்தது. அயலில் தப்பிய மூன்று பேர் ஓடிவந்து பிடித்தார்கள். முக்காலியை நிறுத்தி, பீமுக்குக் கீழே வடத்தைக் கோத்து, கொளுக்கியை மாட்டி முடிக்கிறபோது எங்கிருந்தோ ஒரு குரல்.

"திரும்பக் கடல் வருது. ஓடுங்க."

அந்த மூன்று பேரும் ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. றூபெர்ட் தனியே நின்று சங்கிலியை இழுத்தார். பீம் நாலு விரல் உயரம் எழும்பியது. கை பழக்கத்தில் தானாகவே நின்றது.

கீழே இருந்து ஒலிவ் ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். சொல்லிவிட்டுச் சங்கிலியை மறுபடி இழுத்தார்.

அவர் சுற்றி வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பார். பீமின் மறு முனையிலிருந்து ஒரு இரும்புக் கம்பி வளைந்துபோய், விழுந்த சுவரை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் எழும்பியதும் அந்தக் கம்பி பீமைத் திருப்பியது. வடம் வழுக்கியது. பீம் விழுந்தது.

அதன்பிறகு ஒலிவ் பேசவில்லை. கடலும் வரவில்லை. யாரோ பயத்தில் கத்தியது அது.

ஓடினவர்கள் திரும்பி வந்து, இன்னும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துத் தூக்கி எடுத்தார்கள். "கடல் கொண்டுபோட்டுதே" என்று தலையில் அடித்து அழுதார்கள். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி சேற்றுக்குள்ளால் ஓடிவந்த மகளிடமும் அதையே சொன்னார்கள். மரணப் பதிவிலும் அப்படியே விழுந்தது. றூபெர்ட் யாருக்கும் பொய் சொல்லவில்லை, ஊரே அவருக்காகச் சொல்லிக் கொடுத்தது. அந்த நாட்களில் கடலின் தலையில் எதைப் போட்டாலும் நின்றது.

கடலால் வீடிழந்தவர்களுக்கென்று திராய்மடுவில் புது வீடு கொடுத்தார்கள். செயின் புளொக்கைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். பிறகு புளியந்தீவில் ஒரு கடை ஓரத்தில் சின்ன மேசை போட்டுப் பூட்டுத் திருத்தினார். பாரம் தூக்க வரச்சொல்லி வந்தவர்களை இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பினார். லொறெய்ன் அதை நம்பிப் பின்னேரங்களில் தைலம் தேய்த்துவிட்டாள். அந்தத் தைலம்தான் அவரை அதிகம் வருத்தியது.

சண்டை முடிந்த வருடம், ஆவணி மாதத்தில் ஒருநாள் பழுகாமத்திலிருந்து அருமைநாயகத்தின் மனைவி அன்னப்பூரணி அந்த மேசைக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. முகம் மட்டும் பத்து வருடம் மூத்திருந்தது.

"பாஸ், அவர் மதகுக்குக் கீழ கிடக்கார்" என்றாள்.

றூபெர்ட்டுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் அமர்ந்து நிதானமாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் சண்டையில், வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அருமைநாயகம் வயல் வட்டைக்குப் போனார். ஷெல் விழத் தொடங்கியதும் வாய்க்கால் மதகுக்குக் கீழே பதுங்கியிருக்கிறார். மதகின் கொங்கிறீட் பலகை உடையாமல் அப்படியே கீழே இறங்கிவிட்டது. சைக்கிள் மட்டும் மதகடி வரம்பில் சாய்த்தபடி நின்றது. மிதிவெடி எடுத்து முடியும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. இப்போது விட்டிருக்கிறார்கள்.

"பெக்கோ மெசினால உடைச்சி எடுப்பம் எண்டுறாங்க. உடைச்சா அவர்ர எலும்பும் நொறுங்கிப் போயிடும், பாஸ். எனக்கு அவர் முழுசா வேணும். கண்ணால காணாம நான் தாலியக் கழட்டமாட்டன்."

"எனக்கு இடுப்பு ஏலாது, தங்கச்சி."

அவள் எழும்பவில்லை. "சுத்திப் பார்த்துத் தூக்குற ஆள் நீங்க ஒராள்தான்" என்றாள்.

அன்றிரவு றூபெர்ட் கட்டிலுக்குக் கீழிருந்த சாக்கை அவிழ்த்து, செயின் புளொக்கைத் தகரப்பெட்டியில் வைத்தார்.

லொறெய்னும் கூடப் போனாள், இடுப்பு நோகிற அப்பனைத் தனியே விட மனமில்லாமல். பட்டிருப்புப் பாலத்து இராணுவக் காவலரணில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சங்கிலியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தபிறகுதான் போகவிட்டார்கள். வட்டையில் ஊர்க்காரர் ஆறு பேர் வாய்க்காலை மறித்துக் கட்டிச் சேற்றை வாரி வைத்திருந்தார்கள். முக்காலியின் கால்கள் புதையாமல் இருக்கப் பனங்குற்றி போட்டார்கள். றூபெர்ட் வடத்தைக் கோத்து, இழுத்து இறுக்கி, சங்கிலியில் கை வைத்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு வைக்கிற கை.

பலகை நாலு விரல் எழும்பியது. அவர் சங்கிலியை விட்டார். இந்த முறை கற்பூரம் கேட்க ஆள் இல்லை. சுற்றி வந்தார். மூன்று பக்கமும் சரி. நாலாவது பக்கத்தில் குனிந்தவர் அப்படியே சேற்றில் குந்திவிட்டார்.

"என்ன பப்பா?" என்று லொறெய்ன் ஓடிவந்தாள்.

பலகையிலிருந்து ஒரு கம்பி நீட்டி, மதகின் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் பருமன்கூட இல்லை. அன்றைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கும். அவர் இரும்பு அறுக்கும் வாள் கேட்டு வாங்கி அதை அறுத்தார். அரை மணித்தியாலம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே கிடந்தவருக்கு இனி என்ன அவசரம். அந்த அரை மணித்தியாலத்தைத்தான் றூபெர்ட் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லை.

பிறகு பலகை நேராக எழும்பியது, ஒரு பக்கமும் சரியாமல்.

அருமைநாயகம் ஒருக்களித்துப் படுத்த மாதிரிக் கிடந்தார். சாரத்தின் கிழிசல், வெள்ளி அரைஞாண், மாடு கட்டும் கயிறு ஒன்று. அன்னப்பூரணி இறங்கி, ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுத் தொட்டு வெள்ளைச் சீலையில் வைத்தாள். "எல்லாம் இருக்கு" என்று சொன்னாள். அதன்பிறகுதான் குரல் எடுத்து அழுதாள். இரண்டு வருடம் அடைத்து வைத்த அழுகை, வட்டை முழுக்கக் கேட்டது.

போகும்போது வந்து றூபெர்ட்டின் இரண்டு கையையும் பிடித்தாள். "உங்கட கையால ஒரு உசிருக்கும் சேதம் வந்ததில்ல எண்டு அவர் எப்பவும் சொல்லுவார், பாஸ்."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஐந்து வருடம் அப்படித்தானே வந்தார். ஆனால் அன்றைக்கு முடியவில்லை.

"ஒண்டு போயிருக்கு, தங்கச்சி" என்றார். "என்ர ஒலிவ். கடல் கொல்லயில்ல."

அன்னப்பூரணி கையை விடவில்லை. பின்னால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த லொறெய்னின் கை மட்டும் நின்றது.

திரும்பி வரும்போது தகரப்பெட்டியின் ஒரு பிடியை அவரும் மறு பிடியை அவளும் பிடித்திருந்தார்கள். அவர் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓடிய மூன்று பேர், பீம், கம்பி, ஒரு முழம். பாலம் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து பெட்டியை இறக்கியபிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா கடைசியா என்ன சொன்னவ?"

றூபெர்ட் வாவியைப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒருவன் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"'சுத்திப் பார்த்தீங்களா?' எண்டு கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க, பப்பா?"

"'ஓம்' எண்டன்."

மட்டக்களப்பு பஸ் வந்து நின்றது. இருவருக்கும் நடுவில் பெட்டி கிடந்தது. இருவரும் அதைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பஸ் போய்விட்டது.