சேனை வைத்தவன்

கணக்கில் நான் மக்கு. என் கணக்கை நம்பி ஒரு குழந்தையின் உயிர் இருந்த நாளிலும் அப்படியே இருந்தேன் என்பதுதான் என் தனிச்சிறப்பு.

மகள் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து இரும்புலியூர் வீட்டுக்கு வந்த அன்று, வழியில் ஆட்டோவை நிறுத்தி ஒரு டின் பால்பவுடர் வாங்கினேன். எனக்கும் மனைவிக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. தாய்ப்பால் வழியாகவும் அது குழந்தைக்குப் போகலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே பாதி தாய்ப்பால், பாதி டின் பால். ஆபத்தும் பாதியாகிவிடும் அல்லவா?

மனைவி டின்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில கவுன்சிலிங் மேடம் சொல்றப்போ எங்க இருந்தீங்க?"

"உன் பக்கத்து சீட்லதான்."

"உடம்பு இருந்துது."

மேடம் சொன்னதை அவளே திருப்பிச் சொன்னாள். அவள் மாத்திரையை விடாமல் போட வேண்டும், குழந்தைக்குத் தினமும் சிரப் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூடக் கூடாது. "வேற எது உள்ள போனாலும் பிஞ்சுக் குடல் புண்ணாயிடும். அந்தப் புண்ணு வழியா கிருமி ஈஸியா நுழைஞ்சிடும். பாதிப் பாதிதாங்க இருக்கறதுலயே மோசம்."

டின்னை நான் டீயில் கலக்கிக் குடித்துத் தீர்த்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் நன்றாக எடை கூடிய குழந்தை நான்தான்.

இவ்வளவு தெரிந்தவளுக்குப் பயம் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கும்போது அவள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உறைக்கச் சில நாட்களாயின. எதிர்ச் சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன, நல்ல நாள் பாக்கறியா?" என்றேன் ஒருநாள்.

"முழுங்குற சத்தம் கேக்குதுங்க," என்றாள். "குடிக்கலன்னாலும் பயமா இருக்கு. குடிச்சாலும் பயமா இருக்கு."

எனக்கு எதற்கும் ஒரு ஜோக் வரும். அன்று வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து என் பெரியம்மா வந்து இறங்கினார், கையில் வெள்ளிக் கிண்ணத்தோடு. எங்கள் பக்கத்தில், பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்தில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். சேனை என்று பெயர். வைப்பவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் நோய் பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நாங்கள்தான் முடிவு செய்திருந்தோம்.

தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நெருங்கினார். "ஒரு சொட்டுதாம்மா."

"டாக்டர் தண்ணிகூட வேணாம்னு சொல்லிருக்காங்க அத்தை."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? இவனுக்கு இவன் மாமன் வச்சான். எப்படி வந்து நிக்குது பாரு. புள்ளைக்காவது நல்ல கை வேணாவா?"

மனைவி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் அழுதுவிடுவாள், அழுதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சேனை ஆச்சு பெரியம்மா," என்றேன். "ஆஸ்பத்திரியிலயே நான் வச்சிட்டேன்."

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. ஒரு பிள்ளைக்கு இரண்டு சேனை கிடையாது.

"நீயா?"

"நானேதான்."

"பொட்டப் புள்ளைடா. உன் புத்தி வந்துச்சுன்னா எவன்டா கட்டுவான்?"

சற்று நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர், அந்தச் சர்க்கரைத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். சேதி சொந்தக்காரர்களிடையே பரவியது. பெருங்களத்தூர் சித்தப்பா போன் செய்து, வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். அதன்பிறகு யாரும் கிண்ணத்தோடு வரவில்லை. என் குணத்தால் வீட்டுக்கு ஒரு பயன் விளைந்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் என் பொய்யை நினைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தக் குலுக்கலில் மகள் வாயை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். இவளும் குனிந்து பார்த்தாள். காலண்டர் அதற்குப் பிறகு தேதி பார்க்க மட்டும்தான்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் லாரிகளை எண்ணிக்கொண்டே போய்வந்தோம். பாலை நிறுத்தி, மகள் நடக்கவும் தொடங்கிய பிறகுதான் கடைசிப் பரிசோதனை. கிருமி இல்லை என்று வந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மகள் எழுந்து நின்று, டிரைவரின் தோளைத் தட்டித் தட்டி, யாருக்கும் புரியாத மொழியில் அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நம்மகிட்டேர்ந்து அவளுக்கு எதுவும் போகல," என்றேன் மனைவியிடம்.

"உங்க வாயைத் தவிர."