மணியின் முழங்கால் தரையைத் தொடவில்லை

திருவனந்தபுரத்துக்கு நான் முன்பு போனது பளு தூக்கும் தேர்வுக்காக. சென்ற மாசியில் மறுபடி போனது, அந்தத் தேர்வில் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள. கோயிலும் கடலும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வழி மட்டும்தான் பயன்படும்.

நாகர்கோவிலிலிருந்து நாற்பத்திரண்டு மைல். காலை ஆறரை மணி பஸ், கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் இருபத்தொரு சக்கரம். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ் கரிப்புகையில் ஓடுகிறது. வெள்ளை வேட்டியோடு பின் இருக்கையில் உட்காராதீர்கள். பாறசாலைக்கு முந்தின ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கண்டக்டர் என் தோளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கொளும்புல ஜெயிச்ச சிவதாணு நீங்கதானே? பேப்பர்ல படம் பாத்திருக்கேன்."

"ரெண்டாவதாத்தான் வந்தேன்."

"நம்ம ஊருக்காரன் கப்பலேறிப் போய் தூக்கினான் இல்லா? அது போதாதா?" என்று எனக்கு முன் இருக்கையை வாங்கிக் கொடுத்தார். நெய்யாற்றின்கரை வரை வெளியே பார்த்தபடியே இருந்தேன்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன், கொழும்புப் போட்டிக்கு எங்கள் எடைப் பிரிவில் ஒருவரைத்தான் அனுப்புவதாக இருந்தது. கடைசியில் மிஞ்சியவர்கள் நானும் ஸ்ரீவராகத்து மணியும். மணி ஒரு காலை முன்வைத்து, மறுகாலைப் பின்னே நீட்டித் தாழ்ந்து, இருநூற்று இருபது பவுண்டைத் தோளுக்கு வாங்கி, எழுந்து தலைக்கு மேல் நிறுத்தினார். என்னால் ஆகாத எடை. தாழும்போது பின் முழங்கால் தரையில் பட்டால் தூக்கு செல்லாது. நடுவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. மறுபுறம் என் முறைக்காகக் காத்திருந்த என்னிடம், "முட்டு தொட்டதா?" என்று கேட்டார். இரண்டு விரல் இடைவெளி இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "தொட்டுது" என்றேன்.

கொழும்பு எனக்குக் கிடைத்தது. மறு வருஷம் ரங்கூனும். பிறகு யுத்தம் வந்து போட்டிகளே நின்றுபோயின. மணிக்கு இன்னொரு வாய்ப்பு வரவில்லை.

பத்தேகாலுக்குத் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டை நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீவராகம் பதினைந்து நிமிட நடை; எனக்கு முக்கால் மணி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மணி வீட்டில் இருந்தார். சர்க்கார் கச்சேரியில் அவருக்குக் குமாஸ்தா வேலை.

"வாரும் ஓய்! காமு, காப்பி கொண்டா. கொழும்பு சிவதாணு வந்திருக்கார்!"

உட்காராமலே சொன்னேன். "மணி, அன்னைக்கு ஒம்ம முட்டு தொடல்ல. நான் பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தம் காலைக் குனிந்து பார்த்தார்.

"தொடலையா?"

"இல்ல."

"நீர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் ஓய். அந்தத் தப்பைத் திருத்தறேன்னு ஒரு வருஷம் பயிற்சி பண்ணினேன். இடுப்பு போயிடுத்து. அப்பறம் தூக்கவே இல்லை."

இல்லாத தப்பு அது. காப்பியோடு வந்த அவர் மனைவி டம்ளரை என் முன் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதைச் சொல்ல ஆறு வருஷமா?" காப்பியைக் குடித்தேன்.

மணி சொன்னார். "அஞ்சு மணிக்கு நம்ம பழைய பயிற்சிக்கூடத்துக்கு எல்லாரும் வருவா. அந்த நடுவரும் வருவார். அவாகிட்டே இதைச் சொல்லிடும். வேறொண்ணும் வேண்டாம் எனக்கு."

நாலரைக்குக் கடைசி பஸ் என்றேன். அது உண்மைதான். மறுநாள் காலை ஏழுக்கும் பஸ் உண்டு, சாலைத் தெருவில் பத்துச் சக்கரத்துக்கு அறை கிடைக்கும் என்பதும் உண்மைதான்.

"சரி, போயிட்டு வாரும்" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் வரை கூட நடந்து வந்து, எனக்கு இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியைப் பயிற்சிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி மணிக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நேரில் நின்று சொல்வதற்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறரை பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். என்னைப் போல ஒரு காரியமாகப் போகிறவர்கள் மாற்று வேட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு தங்க வேண்டிவரும். நான் எடுத்துப் போகவில்லை. மறந்துபோய் அல்ல.