பிரேக் பழகும் தண்டல்

பர்னபாஸ் வாசல் கேட்டின் கீலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். கீல் முடிந்தால் ஜன்னல் கம்பிகள். பிறகு தண்ணீர் மோட்டார், சைக்கிள் செயின், மனைவியின் தையல் மிஷின். இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரு துடைப்பு உண்டு. எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். இந்த உப்புக்காற்றில் ஒரு பூட்டைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டால் அப்புறம் சாவியால் பயனில்லை, சுத்தியல்தான். அதனால் இங்கே எல்லா வீட்டிலும் ஓர் எண்ணெய்த் துணி இருக்கும். பர்னபாஸ் வீட்டில் அது அவர் தோளிலேயே இருக்கும். கோயிலுக்குப் புறப்படும்போது அதை நினைவாகப் பிடுங்கி வைப்பது மனைவி பிளாரன்ஸின் பொறுப்பு.

அவர் தண்டலாக, அதாவது சரக்குத் தோணியின் தலைவராக இருந்தவர். தோணியில் மற்றவர்கள் வேலை செய்வார்கள், தண்டல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்; ஆனால் தோணி எங்கே போக வேண்டும் என்பது அவர் வாயில்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றி மாலத்தீவின் மாலியில் இறக்குவது அவருடைய தொழில். கரைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் நடை மாறவில்லை, சிமெண்டுத் தரையிலும் காலை அகற்றி வைத்தே நடப்பார். குரலும் மாறவில்லை. "ஒனக்கு மட்டும் ஒரு விசயம் சொல்லுதேன்" என்று அவர் ஆரம்பித்தால் தெருவில் பாதிப் பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

கடலை விட்டதும் அவர் தேடிப் பிடித்தது ஒரு மோரிஸ் மைனர் கார். ஓர் உப்பளக்காரர் வீட்டுக் கொட்டகையில் அதன் பின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு எஞ்சினை அவரே ஓடவைத்துவிட்டார். எஞ்சின் அவருக்குப் புதிதல்ல. பிரேக்தான் புதிது. தோணிக்கு ஏது பிரேக்?

"தூரத்துலயே எஞ்சின அணைச்சிரணும்லே. மிச்சத்துக்கு அது தானா வரும். வந்து ஒரசாம நிக்கணும். அதுதான் தொழில்."

காரையும் அப்படியே ஓட்டினார். தெருத் திருப்பத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். கார் சத்தமில்லாமல் மிதந்து வரும். வாசலுக்கு நேரே வந்ததும் கை பிரேக்கை ஓர் இழுப்பு. கால் பிரேக் என்று ஒன்று இருந்தது, மிதித்தால் தரைவரை போகும். அதை அவர் கால் வைத்துக்கொள்ளும் இடமாகப் பயன்படுத்திவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பிளாரன்ஸோடு திரும்பி வரும்போது கார் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. பின்காற்று தள்ளிவிட்டது என்பது அவர் கட்சி. குழாயடியில் பக்கத்து வீட்டுச் செல்வராணி வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களுக்குள் புகுந்துதான் அது நின்றது. பச்சையும் சிவப்புமாகக் குடங்கள் தெருவெல்லாம் உருண்டன.

"என்ன அண்ணாச்சி, நங்கூரம் போட மறந்துட்டீங்களோ?" என்றாள் செல்வராணி.

தெரு சிரித்தது. பிளாரன்ஸ் சிரிக்கவில்லை. ஜெப புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். "பிரேக் இல்லாத வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து கோயிலுக்குப் புறப்படும்போது முன்னால் ஓர் ஆட்டோ போகும், அதில் பிளாரன்ஸ். பின்னாலேயே மோரிஸ் மைனர் போகும், அதில் பர்னபாஸ் மட்டும். அந்தக் காரை வைத்துக்கொண்டு ஊர்சுற்றும் ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி கடலிலேயே போய்விட்டது. இனி வருகிறவற்றிலாவது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோயில் வாசலில் போய் இறங்க வேண்டும். காலியான இருக்கையோடு இறங்குவது அவருக்குக் கௌரவமாக இல்லை.

பிரேக்கைத் தானே சரிசெய்வதாக அறிவித்தார். மெக்கானிக் யாரும் வேண்டாம். "நடுக்கடல்ல எஞ்சினப் பிரிச்சு மாட்டுனவனுக்கு இது எம்மாத்திரம்?" குரு, கைபேசி வீடியோவில் வரும் ஓர் இங்கிலீஷ்காரர். காரை ஜாக்கியில் தூக்கி, கைபேசியைச் சக்கரத்தில் சாய்த்து வைத்து, அந்த மனிதரோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். "ஏலே, மெதுவா சொல்லு. எங்கன ஓடுத?" முதல் நாள் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருந்த ஸ்பிரிங் ஒன்று துள்ளிப் போய், காய்ந்துகொண்டிருந்த நெத்திலிக்குள் விழுந்தது. அன்று சாயங்காலம் வரை கணவனும் மனைவியும் நெத்திலி கிண்டினார்கள்.

நாலு சக்கரமும் மாட்டி முடிந்தபின் கடற்கரைச் சந்தில் சோதனை ஓட்டம். மிதித்தார். கார் நிற்கவில்லை. மணலில் இறங்கிப் பாதிச் சக்கரம் புதைந்தபின், வேறு வழியில்லாமல் நின்றது. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வள்ளத்தை இழுப்பதுபோலக் கயிறு கட்டி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

பிளாரன்ஸ் குசினியிலிருந்து வெளியே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"ஏளா, என்னத்த மோந்து பாக்க?"

"தாளிக்கிற வாசம் வருது. உள்ள எண்ணெய் போட்டீங்களா?"

"போடாம? துரு புடிச்சிராதா? டிரம்முக்குள்ள எல்லா எடத்துலயும் நல்லாத் தடவிவிட்டேன்."

"ஒரசி நிக்க வேண்டிய எடத்துல எண்ணெயத் தடவிட்டு நிக்கலைன்னா, அது எப்படி நிக்கும்?"

பர்னபாஸ் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பார்த்தார். "அவன் சொல்லலியே!"

"எண்ணெய் தடவாதன்னு எவன் சொல்லுவான்? இப்படி ஒரு ஆளு இருப்பாருன்னு அவன் கண்டானா?"

எண்ணெய் குடித்த பிரேக் ஷூக்களைக் கழற்றி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் புது லைனிங் அடித்துக்கொண்டு வந்தார். இனி மிச்சம், பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். தெருவில் யாரையும் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பிளாரன்ஸிடம்தான் போய் நின்றார்.

பிளாரன்ஸ் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். இடது கால் பெடலில், வலது கால் வெளியே. "ஒரு கால் தரையிலதான் இருக்கு. ஏறுனதாக் கணக்குல்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அடியிலிருந்து தோணிக் குரல் வரும்: "மிதி! புடி! விடு!"

மேலேயிருந்து பதில் வரும்: "கத்தாதீங்க, நான் இங்கனதான் இருக்கேன். இப்ப பஞ்சு மாதிரி இருக்கு."

இடையில் டப்பாவில் பிரேக் ஆயில் வற்றியதை இருவரும் கவனிக்கவில்லை. உள்ளே மறுபடி காற்று ஏறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினார்கள். பர்னபாஸ் வாய்க்குள் ஏதோ சொன்னார். அதற்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளும்படி மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஒருவழியாக, "நில்லுங்க, நில்லுங்க. இப்ப கல்லு மாதிரி ஆயிட்டு" என்றார் பிளாரன்ஸ். இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தார். கணவர் கேட்காமலேயே இன்னும் ஒரு தடவை மிதித்தார்.

பிளாரன்ஸுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கணவர் மாலியில் இருந்தபோது பழகி லைசென்சும் வாங்கியவர். மகன் ஊருக்கு வந்தால் அவன் காரை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போவது அவர்தான். பர்னபாஸ் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. "அது ஆட்டோமேட்டிக்கு. அதப் போயி வண்டின்னு சொல்லுத" என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் மோரிஸ் மைனர் எஞ்சின் சத்தத்தோடேயே தெருவுக்குள் வந்தது. வாசலுக்கு நேரே வந்து, ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நின்றது. செல்வராணி குடத்தை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். பர்னபாஸ் அவளுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். சாவியை ஆணியில் மாட்டினார். கூடத்தில் பிளாரன்ஸ் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? வச்சது மாதிரி நின்னுட்டு."

"பாத்தேன்."

"அப்ப நாளைக்குப் பூசைக்கு..."

"வாரேன்."

பர்னபாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் விரிந்தது. காப்பி கேட்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"ஆனா வண்டிய நான் ஓட்டுதேன்" என்றார் பிளாரன்ஸ், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்புட்டு நேரமும் மிதிச்சது நான்தான. எவ்வளவு மிதிச்சா எங்க புடிக்கும்னு என் காலுக்குத் தெரியும். நீங்க கீழல்லா கெடந்தீங்க. பக்கத்துல உக்காந்து வாங்க. என்ன சொல்லுதீங்க?"

பர்னபாஸ் எழுந்தார். ஆணியில் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஒங்களத்தான் கேக்கேன்."

பையின் மேல் கையை வைத்தபடியே, காலை அகற்றி அகற்றி வைத்து, அவர் வெளியே போனார்.