அண்ணன் மகளுக்கும் பரு வரட்டும் என்று வேண்டினேன்

பிள்ளைகளே, நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலை பார்க்கிறேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்தேன். என் அசிங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போன ஆடி மாதம் என் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்பு. முகம் முழுக்கப் பரு.

"என்னைச் சரவெடிங்கிறாளுகப்பா. ஒன்னு அமுங்குறதுக்குள்ள அடுத்தது வெடிக்குதாம்."

உடம்புச் சூடு என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிவிட்டேன். தோல் எரிந்து சிவந்துபோனது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதே வாரம் அச்சகத்தில் மத்தாப்புப் பெட்டி லேபிள் அச்சில் ஓடியது. அதில் சிரித்தது என் அண்ணன் மகள் ஹரிணி. தர்ஷினியைவிட ஒரு வயது மூத்தவள், படிப்பது வேறு பள்ளிக்கூடம், நேரில் பார்த்துச் சில மாதம் ஆகியிருந்தது. ஒரு தாளில் இருபத்து நாலு ஹரிணி. ஒன்றிலும் ஒரு புள்ளி கிடையாது. அந்த முகத்தை நாள் முழுக்க நானே வெட்டி அடுக்கினேன். வயிறு எரிந்தது. அண்ணன் வீட்டுக்குப் போவதையே விட்டேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் நின்று, "தாயே, என் பிள்ளைக்குச் சரியாக்கு. முடியாதுன்னா அவளுக்கும் நாலு பரு குடு" என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கு எதிராக வேண்டிய வாய் இது.

ஆவணியில், கம்ப்யூட்டரில் படம் சரிசெய்யும் பாண்டியிடம் தர்ஷினியின் போட்டோவைக் காட்டினேன். அடுத்த ஆர்டருக்கு இவளைப் போடு, பருவை மட்டும் மறைத்துவிடு என்றேன்.

"அதுக்கென்ன அண்ணே, ஹரிணிக்கும் அதைத்தானே செஞ்சேன். இங்கன பாருங்க."

பருவைத் துடைக்காத பழைய படத்தைத் திறந்தான். நெற்றி, கன்னம், தாடை. என் மகளுக்கு இருப்பதைவிட அதிகம். நான் வேண்டுவதற்கு முன்பே அந்தப் பிள்ளை பட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய் ஹரிணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நாலு போதும்னா கேட்டீக சித்தப்பா? எனக்கு நாப்பதுல்ல வந்துச்சு" என்று சிரித்தாள். "நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வாங்க. நான் காட்டுற டாக்டர்கிட்டயே காட்டுவோம்."

விருதுநகரில் அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த வயதில் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும், துவாரம் அடைத்துப் பரு வரும். அழுக்கும் இல்லை, யார் குற்றமும் இல்லை. கிள்ளக் கூடாது, எலுமிச்சை கூடாது. மருந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும்.

மறுநாள் ஹரிணி வாசல்வரை கூட வர, தர்ஷினி முகத்தை மூடாமல் பள்ளிக்கூடம் போனாள். நான் கேட்டது ஒன்று, தாய் கொடுத்தது இது.

இப்போது ஹரிணிக்குச் சீக்கிரம் ஆறுகிறது. எனக்கு இன்னமும் லேசாக எரியத்தான் செய்கிறது. அதையும் செவ்வாய்க்கிழமை கோயிலில் தாயிடமே சொல்லிவிடுகிறேன். நீங்களும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்காமல், மனசில் உள்ளதை உள்ளபடி சொல்லி வேண்டுங்கள்.