கடை வாசலில் தொங்கிய போஸ்டர்

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கும் பேப்பர் கட்டின் சணலை அப்பா அறுத்ததும், காயாத மையின் வாடை குப்பென்று எழுந்து, கடையிலிருந்த கருவாட்டு வாடையையே அமுக்கிவிடும். முத்தையாபுரத்தில் மாலைப் பேப்பருக்கு எங்கள் மளிகைக் கடைதான் ஏஜென்ட். கட்டைப் பிரித்ததும் அப்பா செய்யும் முதல் வேலை, தலைப்புச் செய்தியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த "போஸ்டரை" வாசலில் தொங்கவிடுவது. படிப்பதெல்லாம் வியாபாரம் ஓய்ந்த பிறகுதான்.

அந்தப் பேப்பரை வைத்து வீட்டில் ஓயாத வழக்கு. "வெட்டு, குத்து, ஓடிப்போனவ கதை. இத விக்கதுக்கு வெசத்த விக்கலாம்" என்பாள் அம்மா. "பெரிய பேப்பர்காரன் எட்டிப் பாக்காத தெருவுக்கு இவன்தாம்ளா வாரான்" என்பார் அப்பா.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவின் கணவர், வேலை பார்த்த ஆலையில் வாயு கசிந்து இறந்தபோது, அவர் அன்று வேலைக்கே வரவில்லை என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். அவர் படத்தைப் போட்டு உண்மையை எழுதியது அந்த மாலைப் பேப்பர் மட்டும்தான். மறுநாளே ஆலைக்காரர்கள் இறங்கிவந்தார்கள். "அண்ணாச்சி, இதை எழுதுனவங்க நல்லா இருக்கணும்" என்று அக்கா கடையில் நின்று அழுதார். அன்றைய பேப்பரில் ஒன்றை அம்மாவே மடித்து எடுத்துவைத்தாள்.

அந்த மாதம் முடியவில்லை. ஒரு சாயங்காலம் வழக்கம்போல் படிக்காமலேயே போஸ்டரைத் தொங்கவிட்டு, அப்பா சீனி நிறுக்க உள்ளே போய்விட்டார். "கணவன் செத்த சோகம் ஆறும் முன்… முத்தையாபுரம் விதவை வீட்டில் மர்ம ஆண்!" தெருவே கூடிப் படித்தது. துணைக்கு வந்து தங்கியிருந்த அக்காவின் கூடப்பிறந்த தம்பிதான் அந்த மர்ம ஆண் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. அம்மா ஓடிவந்து போஸ்டரைக் கிழித்துப்போட்டு, "இப்பச் சொல்லுங்க, எவன் நல்லா இருக்கணும்?" என்று கேட்டாள்.

மறுப்புப் போடச் சொல்லி அப்பா பத்திரிகை ஆபீசுக்கே போய்க் கெஞ்சியும் பார்த்தார். "பேரு போடலையே அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தா அக்கா, என்னோடு படித்த மகள் மெர்சியைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊரான வேம்பாருக்கே போய்விட்டார்.

இன்று அந்தப் பேப்பர் இல்லை, அப்பா இல்லை, கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஆனால் எங்கள் கடற்கரையில் ஒரு குடும்பத்துக்குப் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் பேரன் பேத்தி வரைக்கும் அது போகாது. போன மாதம் பஸ்ஸில் மெர்சியைப் பார்த்தேன். மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துவிட்டதாம். "போஸ்டர்காரி பேத்தியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்களாம் மாப்பிள்ளை வீட்டார்.

"அன்னைக்கு அம்மா என்னைய வெளியவே விடல. மரிக்க வரைக்கும் சொல்லவும் இல்ல. அதுல என்னதாம்ளா எழுதியிருந்துச்சு? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"மறந்துபோச்சு மெர்சி" என்றேன்.