அப்பாவின் நொடி முள்

எங்கள் வீட்டில் அசல் கைக்கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. அது அப்பாவுடையது. மற்றவையெல்லாம் அத்தையுடையவை, எல்லாமே போலி. அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் தீவில் ட்ரியோலே என்ற ஊரில் எங்களோடு இருந்தார். கம்பளிச் சட்டை பின்னி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலையில் வேலை. அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஹாங்காங்கிலிருந்து வந்து போகும் சீனர் ஒருவர், பெரிய சுவிஸ் கம்பெனிகளின் பெயர் பொறித்த போலிக் கடிகாரங்களையும் கொண்டுவருவார். மற்றப் பெண்கள் அவரிடம் சென்ட் வாங்கினார்கள். அத்தை கடிகாரம் வாங்கினார், அதுவும் ஓடாததாகப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரிப்பார். பிசுபிசுப்பான ரப்பர் பந்தை அழுத்தித் திருகிப் பின்மூடியைக் கழற்றுவார். புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் முள்ளை எடுப்பார். இதன் முகப்பு அதற்குப் போகும், அதன் முள் வேறொன்றுக்குப் போகும். இடையில் எழுந்து போக நேர்ந்தால், தூசி விழாமலிருக்கக் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவார். வேலைக்குப் போகும்போது பாவாடை நிறத்துக்குப் பொருத்தமாக ஒன்றைக் கட்டிக்கொள்வார். யாராவது வியந்து பார்த்தால், "போலிதான். ஆனா நான் செஞ்ச போலி" என்பார்.

அவற்றில் ஒன்றை மட்டும் 'முசியே', அதாவது ஐயா, என்று மரியாதையாக அழைப்பார். பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். பல உடைசல்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதை ஓட வைத்திருந்தார்.

"பாரு, நொடி முள் எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது. விலை கூடின மோந்தெல்லாம் இப்படித்தான் ஓடும். பேட்டரின்னா குதிச்சுக் குதிச்சுப் போகும்."

மோந்த் என்றால் கைக்கடிகாரம். வீட்டில் நாங்கள் பேசியது கிரியோல். அத்தை, அண்ணே போன்ற உறவுச் சொற்கள்தான் தமிழ். இங்கே எல்லோரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன்.

அப்பாவின் நொடி முள் குதித்தது. அசல் என்பதால் அதற்கு உற்சாகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா, கிராண்ட் பேயில் ஓர் ஓட்டலில் படகு ஓட்டினார். பவளப் பாறையில் காலைக் கிழித்துக்கொண்ட ஜெர்மானியர் ஒருவரை ஒருமுறை தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். ஊர் திரும்பும் அன்று அந்த மனிதர் தன் கையிலிருந்த சுவிஸ் கடிகாரத்தைக் கழற்றி அப்பாவின் கையில் கட்டிவிட்டார். "இதற்கு பேட்டரி வேண்டாம், உன் கை அசைந்தால் போதும்" என்றாராம். வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அப்பா இதைச் சொல்வார். படகில் ஏறும்போது கைக்குட்டையில் சுற்றிக் கரையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

அத்தையை அவர் 'மதாம் ஃபோஸ்' என்று கூப்பிடுவார். போலிச் சீமாட்டி.

"மதாம் ஃபோஸ், உன் மோந்த்ல இன்னிக்கு ஞாயிறா, திங்களா?"

"உங்க சுவிஸ்காரர்கிட்டயே கேளுங்க அண்ணே. அவருக்குத் தெரியாததா?"

ஒரு வெள்ளிக்கிழமை சுவிஸ்காரர் நின்றுவிட்டார். அப்பா உதறினார், தட்டினார், காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, மறுநாள் தலைநகர் போர்ட் லூயிஸுக்கு எடுத்துப்போவதாக அறிவித்தார். அங்கே அதில் பெயர் பொறித்திருந்த கம்பெனியின் அசல் கடிகாரங்களை விற்கும் கடை இருந்தது. ஓட்டல் நண்பர்கள் இரண்டு பேரும் அந்தக் கடையைப் பார்க்க உடன்வருவதாக இருந்தது.

அத்தை சாப்பிடுவதை நிறுத்தினார். "போர்ட் லூயிஸ் எதுக்கு அண்ணே? கொடுங்க, நான் பார்க்கிறேன்."

"நீயா? இது விளையாட்டுச் சாமான் இல்ல."

"விளையாட்டுச் சாமானத் திறந்து திறந்துதானே கை பழகிச்சு. காலையில ஓடலைன்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

அப்பா மணிக்கட்டை மூடிக்கொண்டார். அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "கொடுத்துத்தான் பாருங்களேன். கடைக்காரன் மட்டும் என்ன, வாயால ஊதியா ஓட வைக்கப்போறான்?"

சாப்பாடு முடிந்து மேசை துடைத்ததும் அத்தை துணியை விரித்தார். எதிரே நான். பின்மூடி கழன்றதும், பெரிய வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தின் நடுவில் ஒரு சின்ன இயந்திரமும் அதன்மேல் வெள்ளிப் பொத்தான்போல ஒரு பேட்டரியும் தெரிந்தன.

"அப்பா மோந்த்ல பேட்டரி இல்லைன்னாரே?"

அத்தை தம்ளரைக் கவிழ்த்தார். "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. சரியா?"

தன் கடிகாரங்கள் இருந்த டின்னிலிருந்து முசியேவை எடுத்துத் திறந்தார். இரண்டும் ஒரே மாதிரிக் கூடுகள் என்பதை அன்றுதான் கவனித்தேன். முசியேவின் இயந்திரத்தைத் தூக்கி அப்பாவின் கூட்டில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. அப்பாவின் இயந்திரம் புதுப் பேட்டரியோடு முசியேவுக்குள் போனது.

காலையில் அப்பா அதைக் கட்டிப் பார்த்தார். ஓடியது. போர்ட் லூயிஸ் பயணம் நின்றது. "பரவாயில்லையே, மதாம் ஃபோஸ்" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே ஆலைக்குக் கிளம்பினார். அவர் கையில் முசியே குதித்துக் குதித்து ஓடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. அசலின் உள்ளிருப்பதை எடுத்துக்கொண்டு போலியின் உள்ளிருப்பதை வைத்துவிட்டாரே. அன்று மாலையே வேலிப்பக்கம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிப் பொத்தான் உட்பட.

அப்பா மணிக்கட்டைத் திருப்பி நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"எதிலேர்ந்து எடுத்து வெச்சா? முசியேவிலேர்ந்தா?"

"ஆமாம்."

"குளிர்காலம் முழுக்க உக்காந்து பண்ணாளே, அதுவா?"

"அதுதான்."

அப்பா, "அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அத்தையைக் கூப்பிட்டுக் கேட்பார், சண்டை வரும் என்று காத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பா போர்ட் லூயிஸ் போய்வந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றை அத்தையின் முன் மேசைமேல் வைத்தார். "கண்ணைக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். மதாம் ஃபோஸ் என்று அதன்பின் அவர் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. ஜெர்மானியர் கதையை மட்டும் விடவில்லை. ஆனால் தோளில் தூக்கியதோடு முடித்துக்கொண்டார்.

அப்பாவின் கைக்கு வந்த முசியேவின் பழைய இயந்திரம் நாளுக்குச் சில நிமிடம் பிந்தும். அதனால் தினமும் காலையில் வாசல் கதவருகே அப்பா, "தங்கச்சி, உன் மோந்த்ல மணி என்ன?" என்று கேட்பார். அத்தை சொல்வார். அப்பா திருகைத் தூக்கி முள்ளைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

நான் சன்னலில் நின்று பார்ப்பேன். தன் இயந்திரத்தைத் திருப்பிக் கேட்காமல் மணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் அப்பாவை நினைத்து எனக்கு மிகவும் பாவமாக இருக்கும்.